மாதம் இரண்டரை ரூபாய் ஏரி

ஏ-304, பெலிக்கன் கோர்ட்,
எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு
12 மார்ச் 2025

சம்பந்தி தியோடர் அவர்களுக்கு,

'கர்த்தருக்குள் அன்பான' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. லெந்து நாளில் பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போனில் பேச வழியில்லை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில் நாம் இருவரும் போட்ட கூச்சலுக்குப் பிறகு, உங்கள் மகன் என் போனை வாங்கி உங்கள் நம்பரை பிளாக் பண்ணி வைத்துவிட்டார். உங்கள் போனில் என் நம்பருக்கும் அதே கதிதான் என்று கேள்வி. என் மகள் ஆஞ்சலா அதற்கு மேல் ஓர் உத்தரவு போட்டாள்: "ரெண்டு பேருக்கும் சண்டை போட்டே ஆகணும்னா லெட்டர் எழுதிக்குங்க. கை வலிச்சாவது நிறுத்துவீங்க." எனக்குக் கை அவ்வளவு சீக்கிரம் வலிக்காது.

எங்கள் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஹுணசெகெரே ஏரியின் தலைப்பக்கத்தில் கோரைப்புல் மண்டிக் கிடக்கிறதே, அந்தச் சதுப்பை மண் கொட்டி மூடி ஐடி பார்க்குக்குக் குறுக்கு ரோடு போடப் போகிறார்களாம். ஆட்சேபணை உள்ளவர்கள் மே முப்பத்தொன்றுக்குள் எழுத்தில் தர வேண்டுமாம். சரி, எதை வைத்து இந்தத் துணிச்சல் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே படித்தால், உங்கள் பெயர் இருக்கிறது. பேராசிரியர் தியோடர் தலைமையில் நடந்த ஆய்வின்படி, இந்த ஏரியால் சுற்றியிருப்பவர்களுக்குக் கிடைக்கும் பயன் வீட்டுக்கு மாதம் இரண்டரை ரூபாய்.

இரண்டரை ரூபாய்! சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் போனால்கூட ஐந்து ரூபாய் வாங்குகிறான். ஒரு குடும்பம் மாதம் முழுக்க ஓர் ஏரியை வைத்துக்கொள்வது அதில் பாதி என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு டாக்டர் பட்டமும், இரண்டு மாணவர்களும், அரசாங்கப் பணமும் தேவைப்பட்டிருக்கிறது.

நீங்கள் ஏரியைக் காரில் உட்கார்ந்தபடிதான் பார்த்திருப்பீர்கள். அதனால் சொல்கிறேன். மேலே உள்ள லேஅவுட்டுகளின் மழைத் தண்ணீரெல்லாம் ராஜகாலுவே கால்வாயில் இறங்கி முதலில் அந்தக் கோரைக்குள்தான் விழுகிறது. அங்கே வேகம் அடங்கி, அழுக்கை விட்டுவிட்டு, மெதுவாக ஏரிக்குப் போகிறது. அந்த இடத்தை மூடினால் வெள்ளம் நிற்க வேறு இடம் தேடும். கால்வாயை ஒட்டியிருப்பது எங்கள் தரைத்தளம். அதில் 004 யாருடைய வீடு என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஒரே மகனும் என் ஒரே மகளும் இருக்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு மழைக்கு முழங்கால் தண்ணீர் உள்ளே வந்தது. அப்போதே ஆஞ்சலா சொல்லிவிட்டாள்: "இன்னொரு வாட்டி தண்ணி உள்ள வந்துச்சுன்னா புனே டிரான்ஸ்ஃபரை வாங்கிட்டுப் போயிடுவேன்மா. இவரும் என்கூட வருவாரு." அவள் சொன்னால் செய்வாள். அந்தக் குணம் என்னிடமிருந்து போனது.

ஆகவே, 'என் ஆய்வு தவறு' என்று இரண்டு வரி எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டரை ரூபாய் ஆய்வுக்கு இரண்டு வரி போதும்.

மாப்பிள்ளையின் அப்பா என்ற மரியாதையை இன்னும் விடாத,
குளோரியா


ஜீவனஹள்ளி, பெங்களூரு
24 மார்ச் 2025

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் தாங்கள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. கேள்வி கேட்டவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பும் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை.

என் துறை என்ன செய்கிறது என்பதைத் தங்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். ஏரி தரும் குளிர்ச்சியை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது பிடித்து வைக்கும் மழைக்கும், பூமிக்குள் இறக்கிவிடும் தண்ணீருக்கும் யாரும் ரசீது போடுவதில்லை. விலை இல்லாததால், ரோடு போட வருகிறவன் தன் வரவுசெலவில் ஏரிக்கு நேரே ஒன்றும் எழுதாமல் மண்ணைக் கொட்டுகிறான். அதைத் தடுப்பதற்காகவே நாங்கள் ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். அந்த எண்ணைக் கண்டறிய ஒரு வழி, மக்களையே கேட்பது. 'இந்த ஏரி இப்படியே இருக்க, மாதம் எவ்வளவு தர உங்களுக்கு மனமுண்டு?' சென்ற ஆண்டு என் மாணவர்கள் பெலிக்கன் கோர்ட்டின் நானூறு கதவுகளைத் தட்டிக் கேட்டது இந்த ஒரே கேள்விதான்.

விடை பூச்சியம். இரண்டு கார் நிற்கும் வீட்டில் பூச்சியம். பல் டாக்டர் வீட்டில் பூச்சியம். பால்கனியிலிருந்து ஏரி தெரிகிறது என்பதற்காக பில்டருக்குப் பல லட்சம் கூடுதலாகக் கொடுத்தவர்கள், அந்த ஏரிக்கு என்று கேட்டதும் பையைத் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். சி பிளாக்கில் மதலைமுத்து என்றொரு ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் மட்டும் ஆயிரம் என்று எழுதினார். அந்த ஆயிரத்தை நானூறு வீட்டுக்கும் பங்கிட்டால் வருவதுதான் தாங்கள் எள்ளி நகையாடும் இரண்டரை ரூபாய். அது கூட அவர் போட்ட தருமம்.

ஏன் எல்லோரும் ஒரே மாதிரி பூச்சியம் எழுதினார்கள்? தாங்கள் மறந்திருக்கலாம். என் மகன் டிரேவர் அன்றே சிரிக்கும் பொம்மைகளோடு எனக்கு அனுப்பி வைத்தான், பத்திரமாக இருக்கிறது. தங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி:

"டியர் ரெசிடென்ட்ஸ், நாளைக்கு லேக் சர்வேன்னு ரெண்டு பேர் வருவாங்க. மாசம் எவ்வளவு தருவீங்கன்னு கேப்பாங்க. யாரும் ஒரு ரூபா கூட சொல்லாதீங்க. சொன்னா அப்படியே மெயின்டனன்ஸ்ல ஏத்திடுவாங்க. எல்லாரும் ஜீரோ போடுங்க. குளோரியா, செக்ரெட்டரி."

மதலைமுத்து அவர்களிடம் வாட்ஸ்அப் இல்லையாம். அதனால் ஏரிக்கு ஒரு நண்பர் மிஞ்சினார். நான் அந்த எண்ணைப் படைக்கவில்லை, அம்மையாரே. கூட்டி வகுத்தேன். தாங்கள் போட்ட பூச்சியத்தை நான் வந்து அழிக்க வேண்டும் என்பது நல்ல வேடிக்கை.

தங்கள் கவுன்ட்டரில் காத்திருக்கும்,
தியோடர்


ஏ-304, பெலிக்கன் கோர்ட்
5 ஏப்ரல் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஆமாம், நான்தான் போட்டேன். இல்லை என்று எப்போது சொன்னேன்?

உங்கள் மாதிரி தனி வீட்டில் பிறந்து, தனி வீட்டிலேயே கிழமாகிறவர்களுக்கு அபார்ட்மென்ட் தெரியாது. இங்கே எவனாவது பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்து "எவ்வளவு தருவீங்க" என்று கேட்டால், அடுத்த மாதம் அது பில்லில் வந்துவிடும். ஜிம்முக்கு அப்படித்தான் வந்தது. சும்மா அபிப்பிராயம் கேட்கிறோம் என்றார்கள், பாதிப் பேர் ஆசையாக ஒரு தொகை சொன்னார்கள், இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த ஜிம்மில் இப்போது வாட்ச்மேனின் சைக்கிள் நிற்கிறது. உங்கள் பையன்களும் அட்டையோடு வந்தார்கள். நான் என் வேலையைச் செய்தேன்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். 004-இல் மாப்பிள்ளையின் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது நீங்கள் எழுதிய பாடப்புத்தகம் கிடைத்தது. பாவம், பிரிக்காமலே இருந்தது. பெற்ற பிள்ளையே படிக்காத புத்தகத்தை நான் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள்:

'கட்டணம் வசூலிக்கப்படும் என்ற பயத்தாலோ கோபத்தாலோ சொல்லப்படும் பூச்சியம் மதிப்பு அல்ல, எதிர்ப்பு. அதைக் கணக்கிலிருந்து நீக்காத ஆய்வாளன் அளவுகோலையே பொய்யாக்குகிறான்.'

நல்ல தமிழ். புரியும்படியாகவும் இருக்கிறது. என் மெசேஜ் அன்றைக்கே உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பூச்சியமெல்லாம் நான் சொல்லி விழுந்தவை என்று தெரிந்துகொண்டேதான் கூட்டி வகுத்தீர்கள். நான் அறியாமல் செய்தேன். நீங்கள் ஏழாம் அத்தியாயத்தை எழுதிவிட்டுச் செய்தீர்கள்.

இன்னொன்று. உங்கள் கேள்வியே கோணல். ஏரி இருக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டீர்கள். ஏரி போனால் எவ்வளவு செலவாகும் என்று யாரையும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு போர்வெல்லில் ஒன்று இந்தக் கோடையில் காற்றுதான் விடுகிறது. தினம் டேங்கர் வருகிறது. டிரைவரிடம் கேட்டால் "நீரு இல்லாம்மா, ரேட் ஜாஸ்தி ஆயிதே" என்று பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் பாடுகிறான். இன்னும் ஏரியின் தலையை மூடவில்லை, அதற்குள் இப்படி. இந்தக் கணக்கு எந்த அத்தியாயத்தில் வருகிறது?

உங்கள் முதல் வாசகி,
குளோரியா


ஜீவனஹள்ளி
23 ஏப்ரல் 2025

சம்பந்தி அம்மையாருக்கு,

ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிறது. ஏழோடு நிறுத்திவிட்டீர்கள் போலும்.

ஏரி செய்யும் வேலையை மனிதன் செய்தால் என்ன ஆகும் என்று கணக்கிடும் முறை அது. டேங்கர், பம்ப், கழிவைச் சுத்தம் செய்யும் இயந்திரம், வெள்ளத்தில் கெட்டுப்போகும் பொருள்கள் என்று ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதுதான் நல்ல முறை. ஆனால் அதற்குப் பொறியாளர்கள் வேண்டும், மண் சோதனை வேண்டும், இரண்டு மழைக்காலம் வேண்டும். எங்களிடம் வேலை கொடுத்த அலுவலகம் பேருந்துக் கட்டணத்துக்கும் தேநீருக்கும் பணம் ஒதுக்கியிருந்தது. கொடுத்த காசுக்கு ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது.

பூச்சியங்களைப் பற்றி. ஆம், தெரிந்தேதான் விட்டு வைத்தேன். மழுப்புவது என் பழக்கமல்ல. தங்கள் குடியிருப்பில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். பெலிக்கன்கள் வந்த ஏரி என்று சொல்லி வாங்கி, பெலிக்கன் என்று பெயர்ப்பலகை மாட்டி, குளியலறைக் கழிவை அந்தப் பறவைகளின் மேலேயே திறந்து விட்டவர்கள். ஒருநாள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அறிக்கை ஏதோ கருத்தரங்கில் வாசித்துவிட்டு அலமாரிக்குப் போகும் என்றும் நினைத்தேன். அதை எடுத்துக்கொண்டு லாரியோடு வருவார்கள் என்று எண்ணவில்லை.

ஆட்சேபணை என்று வெறும் கடிதம் எழுதினால் குப்பைக்குப் போகும். புதிய கணக்கெடுப்பு வேண்டும். என் மாணவர்கள் இருவரும் காசு வாங்காமல் வரத் தயார். ஒரு வாரம் போதும். மக்கள் உண்மையான விடையைச் சொன்னால், 'முந்தைய எண் செல்லாது' என்று நானே என் கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

ஆனால் தங்கள் கட்டளை அந்தக் குழுவில் இன்னும் அப்படியே நிற்கிறது. அது நிற்கும்வரை மறுபடியும் பூச்சியம்தான் விழும். ஆகவே தாங்கள் முதலில், அதே குழுவில், தங்கள் பெயரிலேயே, 'நான் சொன்னது தவறு' என்று போட வேண்டும். அதன் பிறகு என் கடிதம். எதிலும் பெண் வீட்டார் முதலில் வருவதுதானே நம் முறை.

தங்கள் செய்தியை எதிர்பார்க்கும்,
தியோடர்


ஏ-304, பெலிக்கன் கோர்ட்
6 மே 2025

தியோடர் அவர்களுக்கு,

கடைசி வரியை எழுதாமல் இருந்திருந்தால் இந்நேரம் மெசேஜ் போட்டிருப்பேன்.

நிச்சயதார்த்தத்தன்று உங்கள் அக்கா மௌரீன் சர்ச் ஹாலில் என் காதுபட என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "பொண்ணு வீட்டுக்காரங்கதான் முதல்ல எழுந்து நிக்கணும்." நான் எழுந்து நின்றேன். நீங்கள் உள்ளே வந்து, உட்கார்ந்து, உங்கள் சித்தப்பா பிள்ளைகளெல்லாம் வந்து உட்கார்ந்து, கூல்டிரிங்க் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றேன். புருஷன் இல்லாதவள், தனியாகக் கல்யாணம் செய்கிறாள், நிற்கட்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது போதும். இந்த ஜென்மத்துக்கு இனி எழுந்து நிற்கப் போவதில்லை.

எனக்கு ஆகஸ்டில் அசோசியேஷன் எலெக்‌ஷன். பொருளாளர் தேசிகன் என் நாற்காலிக்கு அளவெடுத்துக்கொண்டு திரிகிறார். நானூறு வீட்டுக்கு முன்னால் 'நான் சொன்னது தப்பு' என்று நானே எழுதிக் கொடுத்தால், அதை பிரின்ட் போட்டு லிஃப்டில் ஒட்டுவார். எனக்கு இருப்பது அந்த ஒரு நாற்காலிதான். உங்களுக்குப் பேராசிரியர் என்ற பெயர் செத்த பிறகும் கல்லறையில் இருக்கும்.

தப்பான எண் உங்களுடையது. நோட்டீஸில் இருப்பது உங்கள் பெயர். முதலில் நீங்கள் 'அது செல்லாது' என்று எழுதுங்கள். அதன் நகல் என் கையில் கிடைத்த சாயங்காலமே மெசேஜ் போடுகிறேன்.

கோரைக்குப் பக்கத்தில் சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆஞ்சலா தினமும் ஆபீஸ் கேபில் ஏறுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

உட்கார்ந்தபடியே எழுதும்,
குளோரியா


ஜீவனஹள்ளி
20 மே 2025

குளோரியா அம்மையாருக்கு,

என் அக்காள் சொன்னதற்கு நான் பொறுப்பல்ல. கூல்டிரிங்க் விவகாரம் எனக்கு நினைவில்லை.

என் பெயரில் பல ஆய்வுகள் இருக்கின்றன. புதிய தரவு ஒன்றும் கையில் இல்லாமல் ஒன்றைத் திரும்பப் பெற்றால் மற்றவற்றையும் தூக்கிப் போடுவார்கள். சதுப்பு நிலங்களைக் காக்க நீதிமன்றங்களில் என் எண்களைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் லிஃப்டில் ஒட்டும் காகிதத்துக்காக அதையெல்லாம் பணயம் வைக்க முடியாது. இதுவும் ஒரு நாற்காலிதான் என்று தாங்கள் சொல்லக்கூடும். சொல்லிக்கொள்ளுங்கள்.

தங்களுக்குத் தேவை ஒரு வாட்ஸ்அப் செய்தி. கட்டைவிரல் வேலை. இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. மாணவர்கள் பையைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

தியோடர்


ஏ-304
2 ஜூன் 2025

தியோடர் அவர்களுக்கு,

தேதி முடிந்தது. சனிக்கிழமை முழுக்க மெசேஜை டைப் செய்து வைத்துக்கொண்டு, உங்கள் நகல் வருமா என்று கேட் பக்கம் பார்த்தபடி இருந்தேன். கூரியர்க்காரன் யார் யாருக்கோ செருப்பும் சட்டையும் கொண்டுவந்தான். அங்கே நீங்களும் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு, என் மெசேஜ் வந்ததா வந்ததா என்று மாப்பிள்ளையைப் போனில் நச்சரித்ததாகக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆன்ட்டி, ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்க. எங்களுக்குத்தான் நடுவுல மூச்சு முட்டுது."

ஆட்சேபணை ஒன்றே ஒன்று போயிருக்கிறது. மதலைமுத்து மாஸ்டர் இரண்டு பஸ் மாறிப் போய்க் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இத்தனை வீடு இருக்கும் இடத்திலிருந்து ஒரே ஒருவர்தானா என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

குளோரியா


ஏ-304
19 ஜூலை 2025

தியோடர் அவர்களுக்கு,

லாரிகள் வந்துவிட்டன. எங்கோ இடித்த கட்டடத்தின் செங்கல்லும் டைல்ஸும்தான் கொட்டுகிறார்கள், மண்கூட இல்லை. கோரைக்குள் இருந்த நீர்க்கோழிகள் இரண்டு நாள் எங்கள் கார் பார்க்கிங்கில் நடமாடின. அசோசியேஷன் குழுவில் ஒருவர் அதைப் படமெடுத்துப் போட்டு, 'நேச்சர் அட் அவர் டோர்ஸ்டெப்' என்று எழுதினார். ஐம்பது பேர் இதயம் போட்டார்கள். உங்கள் கண்ணாடியை இவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாலும் தலைதான் வாரிக்கொள்வார்கள்.

பதில் எழுத வேண்டாம்.

குளோரியா


ஜீவனஹள்ளி
30 அக்டோபர் 2025

குளோரியா அம்மையாருக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று மாதம் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

செப்டம்பரில் கொட்டிய அந்தப் பெருமழைக்கு மறுநாள் நான் வந்தபோது 004-இல் தண்ணீர் தொடை வரை நின்றது. நீங்களும் நானும் ஒரே மெத்தையின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தோம். பிறகு பிரிட்ஜை நகர்த்தினோம். அலமாரியின் கீழ்த்தட்டில் என் புத்தகம் ஊறிக் கிடந்தது. நீங்கள் அதை எடுத்துத் தண்ணீரை வடித்து ஜன்னலில் வைத்தீர்கள். பேசியிருக்கலாம். நம்மிருவரில் யார் முதலில் பேசுவது என்று அப்போதும் நமக்குத் தெரியவில்லை.

புனே கிளம்பிய பிள்ளைகளை யஷ்வந்த்பூரில் ரயிலேற்றிவிடப் போனேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், நீங்க ரெண்டு பேரும் அந்தத் தேதிக்கு ஒருநாள் முன்னாடி பேசியிருந்தா நாங்க போக வேண்டியதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். டிரேவர் பெட்டிகளை எண்ணுவதுபோல் திரும்பி நின்றான். வீட்டுக்கு வந்தபின் சாப்பிடப் பிடிக்கவில்லை. அவன் இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை என்று இருக்கிறது.

எழுத நேர்ந்த காரணம் இதுவல்ல. ரோடு போட்ட அதே அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வெள்ளத்தால் எவ்வளவு நஷ்டம், அந்தச் சதுப்பு இருந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று ஓர் எண் வேண்டுமாம். மூடுவதற்கு எண் கொடுத்தவன் நான், மூடியதற்கும் நானே கொடுக்க வேண்டுமாம். இந்தத் தடவை பொறியாளர்கள் உண்டு, மண் சோதனை உண்டு, தாராளமாகப் பணம் உண்டு. செத்த பிறகுதான் அந்த ஏரிக்குப் பெரிய டாக்டராகப் பார்க்கிறார்கள். அவர்கள் முகத்தில் காறித் துப்பிவிட்டு வரலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நான் மறுத்தால் வேறொருவன் கூட்டி வகுப்பான்.

மாணவர்கள் வீடு வீடாக வர வேண்டும். அனுமதி தருவீர்களா? முந்தைய எண் செல்லாது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. யாரும் கேட்காமல், முதலில் நானே எழுதியது. இப்போது அதனால் ஒரு பயனும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

தியோடர்


ஏ-304, பெலிக்கன் கோர்ட்
11 நவம்பர் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

நகல் கிடைத்தது. ஐந்து மாதம் லேட். எங்கள் ரயில்வேயிலேயே இவ்வளவு தாமதம் பார்த்ததில்லை.

மாணவர்களை அனுப்புங்கள். குழுவில் போட்டுவிட்டேன். நீங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துகிறவர் அல்லவா, இதையும் வைத்துக்கொள்ளுங்கள்:

"டியர் ரெசிடென்ட்ஸ், போன வருஷம் லேக் சர்வேல எல்லாரும் ஜீரோ போடுங்கன்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது. இப்ப மறுபடியும் வராங்க. என்ன நஷ்டமோ அதை மறைக்காம சொல்லுங்க. குளோரியா, செக்ரெட்டரி."

தேசிகன் அதை பிரின்ட் எடுத்து லிஃப்டில் ஒட்டவில்லை. லிஃப்டே ஓடவில்லை, மோட்டார் தண்ணீரில் போய்விட்டது.

ஆமாம், இன்னும் நான்தான் செக்ரெட்டரி. ஆகஸ்டில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தேன். மெயின்டனன்ஸை ஒரு ரூபாய் ஏற விடாதவள் என்று சொல்லித்தான் ஓட்டுப் போட்டார்கள். அன்றைக்கு எனக்கு மாலை போட்ட கைகளை நினைத்தால் இப்போது வெறுப்பாக இருக்கிறது, என் கழுத்தையும் சேர்த்து.

அந்த மாலை வாடுவதற்குள் ஏற்றியாகிவிட்டது. இரண்டாவது போர்வெல்லில் சாக்கடை வாடை அடிப்பதால் முழுக்க டேங்கர். பேஸ்மென்டில் இரவுபகலாகப் பம்ப். கால்வாய் ஓரம் தடுப்புச் சுவர். கொசு மருந்து, லிஃப்ட் மோட்டார், எல்லாம் சேர்த்து இந்த மாதத்திலிருந்து வீட்டுக்கு இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் கூடுதல். சர்க்குலரில் கையெழுத்துப் போட்டது நான். ஏரி இப்படியே இருக்க மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று உங்கள் பையன்கள் கேட்டார்கள் அல்லவா, எங்கள் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஏரி இல்லாமல் இருப்பதற்குத் தருகிறோம். மதலைமுத்து மாஸ்டரும் தருகிறார். அவருக்கு மட்டும் வேண்டாம் என்றேன், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று கமிட்டியில் கத்தினார்கள்.

உங்கள் புத்தகம் காய்ந்துவிட்டது. கொஞ்சம் உப்பிக்கொண்டு மூடாமல் நிற்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தையும் படித்துவிட்டேன். மெத்தை, பிரிட்ஜ், மோட்டார், மருந்து, எல்லாவற்றுக்கும் எப்படி எண் போடுவது என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மாணவர்கள் எல்லா வீட்டுக்கும் போகலாம். ஒரு வீடு மட்டும் பூட்டியிருக்கும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் போய் ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, சுவரில் தண்ணீர் நின்ற கோடு வரைக்கும் துடைத்துவிட்டு வருகிறேன். துடைத்தாலும் அந்தக் கோடு போகவில்லை. அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன எழுதுவது என்று உங்கள் புத்தகத்தில் முதலிலிருந்து கடைசிவரை தேடினேன், எங்கும் இல்லை.

004-க்கு நீங்களே வந்து ஓர் எண் போடுங்கள். கதவைத் திறந்து வைக்கிறேன். தயவுசெய்து பூச்சியம் போட்டுவிடாதீர்கள்.

குளோரியா